நெல்லை வெக்கையில் பழைய ஸ்கீ ஜாக்கெட்: எது தாங்கும், எது பிசுபிசுக்கும்

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் இப்போது லீவுக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டோடு சேர்த்து, பனிச்சறுக்குக்குப் போடுகிற பழைய ஸ்கீ ஜாக்கெட் ஒன்றும் கொண்டுவருகிறார்கள். வின்டட், ஈபே தளங்களில் ‘ரெட்ரோ ஸ்கீ’ என்று தேடினால் எல்லெஸ்ஸே, டிசென்ட், போக்னர், நெவிக்கா, கோல்மார் என்று வரிசையாக வந்து விழும். படத்தில் பார்த்தால் எல்லாமே அள்ளும். விஷயம் என்னவென்றால், படத்தில் நிறமும் வெட்டும்தான் தெரியும். துணிக்கு உள்பக்கம் பூசிய பூச்சு தெரியாது. அந்தப் பூச்சுதான் பாளையங்கோட்டை பீரோவுக்குள் இரண்டு கோடையைத் தாண்டாமல் போகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 1950, 60களின் இழுபட்டு மீள்கிற இழுவைக் கால்சட்டை (ஸ்ட்ரெட்ச் பேன்ட்), கம்பளி ஸ்வெட்டர், பூச்சில்லாத நைலான் காற்றுத்தடுப்பு அங்கி ஆகியவற்றைத் தைரியமாக வாங்கலாம். இறகு ஜாக்கெட்டைப் பார்த்து வாங்கலாம். எல்லோரும் ஆசைப்படுகிற 1980களின் பளபளப்பு நியான் ஜாக்கெட்டை, கையில் தொட்டுப் பார்க்க வழியில்லை என்றால், விட்டுவிடுங்கள்.

அந்த நியானில் இருந்தே தொடங்குவோம், காசு அதிகம் வீணாவது அதில்தான். ரோஸ், எலுமிச்சை மஞ்சள், ஊதா மூன்றையும் ஒரே உடம்பில் கோணல் கோணலாக வெட்டி ஒட்டி, முதுகில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் போட்டு, தோள் அகலமாக வந்த காலம் அது. பிரிட்டனின் நெவிக்கா, ஜப்பானின் டிசென்ட், 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சீருடை தந்த கனடாவின் சன் ஐஸ் எல்லாம் இந்த வகையில் பேர் போனவை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடையாக வந்த ‘ஒன் பீஸ்’ சூட்டும் அப்போதுதான் ஓகோவென்று ஓடியது. மூடுபனியில் ஆளைக் கண்டுபிடிக்க இந்த நிறங்கள் உதவும் என்பது உண்மைதான். ஆனால் வாங்கியவர்கள் அதற்காக வாங்கவில்லை.

மெல்லிய நைலான் துணிக்குத் தண்ணீர் புகாமல் இருக்க உள்பக்கம் பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். காற்றில் உள்ள ஈரப்பதம் அந்தப் பூச்சின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் துண்டாக்கும். வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும். ஆல்ப்ஸ் மலை வீட்டின் குளிர்ந்த பரணில் 35 வருஷம் ஓடின பூச்சு, கோடையில் 38 டிகிரி தொடுகிற ஊரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், இரும்புப் பீரோவுக்குள் அடைபட்டால் சீக்கிரம் கைவிட்டுவிடும். முதலில் உள்பக்கம் லேசாகப் பிசுபிசுக்கும். பிறகு புளித்த வாந்தி நாற்றம் வரும். அப்புறம் பாம்பு உரித்த சட்டை மாதிரி செதில் செதிலாக உதிரும். நாற்றம் வந்துவிட்டால் சோலி முடிந்தது. துவைத்தால் போகாது, வெயிலில் போட்டால் கூடும், ஆப்ப சோடா போட்டாலும் ஒன்றும் நடக்காது. அது அழுக்கு நாற்றம் இல்லை, பூச்சே அழுகுகிற நாற்றம்.

வாங்குமுன் சோதிக்க வழி உண்டு. பாக்கெட்டின் உள்பை, காலருக்குள் சுருட்டி வைக்கிற தொப்பி, அக்குள் தையலின் உள்பக்கம், இந்த மூன்று இடங்களும் காற்றுப் படாமல் மடங்கியே கிடப்பதால் அங்கேதான் பூச்சு முதலில் போகும். விற்பவரிடம் தொப்பியை முழுக்க வெளியே இழுத்து விரித்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். விரிக்கும்போது துணி துணியோடு ஒட்டி, ‘பிர்ர்’ என்று பிரிகிற சத்தம் கேட்டால் வேண்டாம். தையலின் மேல் ஒட்டிய பட்டை ஓரத்தில் மஞ்சளாகி எழும்பியிருந்தாலும் வேண்டாம். ‘சேமிப்புக் கிடங்கில் இருந்த புத்தம் புதுசு, போட்டதே இல்லை’ என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்தச் சிதைவுக்கும் போட்டதற்கும் போடாததற்கும் சம்பந்தமே இல்லை. பாலிதீன் பைக்குள் மடிந்தே கிடந்தது பல சமயம் மோசமாகவே இருக்கும்.

ஏற்கெனவே வாங்கி, உதிர ஆரம்பித்துவிட்டதா? லைனிங்கைப் பிரித்து, பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி லைனிங் தைத்தால் நிறமும் வடிவமும் மிஞ்சும். மழை தாங்காது, காற்று ஓரளவு தாங்கும். மார்கழி விடியலில் பைக்கில் பாபநாசம் ஏறுவதற்கு அது போதும். குற்றாலச் சாரலுக்கு ஆகாது.

இன்னொரு பொறி, 60, 70களில் வந்த நுரை ஜாக்கெட். துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் மெல்லிய நுரைத் தகடு ஒட்டியிருக்கும். அது இப்போது பெரும்பாலும் மஞ்சள் தூள். ஜாக்கெட்டை உதறச் சொல்லுங்கள். கைமுனை வழியாகப் பொடி கொட்டினால் தெரிந்துவிடும்.

இனி நல்லதுக்கு வருவோம். பனிச்சறுக்கு உடையின் வரலாற்றிலேயே உருப்படியான பொருள் எது என்று கேட்டால், நியானும் இல்லை, விலை கொழுத்த இறகு ஜாக்கெட்டும் இல்லை, இழுவைக் கால்சட்டைதான். அதற்கு முன்னால் ஆண், பெண் எல்லோரும் தொளதொளவென்ற கம்பளிக் கால்சட்டைதான் போட்டார்கள். பனி அதில் ஒட்டி, உருகி, நனைந்து, கனத்துவிடும். 1932இல் மியூனிக்கில் தொடங்கிய போக்னர் நிறுவனத்தில், நிறுவனர் வில்லி போக்னரின் மனைவி மரியா, 1950களின் தொடக்கத்தில், சுருள் நைலான் இழையையும் கம்பளியையும் கலந்து நெய்த துணியில் காலோடு ஒட்டின கால்சட்டையைக் கொண்டுவந்தார். பாதத்துக்கு அடியில் ஒரு எலாஸ்டிக் பட்டை போய்ப் பிடித்துக்கொள்ளும். பூட்ஸுக்குள் துணி சுருளாது. அமெரிக்காவில் இந்தக் கால்சட்டையையே ‘போக்னர்’ என்று அழைக்கிற அளவுக்குப் பரவியது. 1952இல் பிரான்சின் அனெசியில் தையல்காரர்கள் தொடங்கிய ஃபுசால்ப்பும் இதே வகைக் கால்சட்டையில்தான் பேர் வாங்கியது.

இந்தக் கால்சட்டையில் பூச்சு கிடையாது. அதனால் பிசுபிசுக்கிற கதையே இல்லை. நெய்த இழைதான் இழுபடுகிறது; 70 வருஷம் கழித்தும் பல கால்சட்டைகள் நன்றாகவே இழுபட்டு மீள்கின்றன. முழங்காலில் இரு விரலால் பிடித்து இழுத்துவிட்டுப் பாருங்கள். சட்டென்று பழைய இடத்துக்குப் போனால் துணிக்கு உயிர் இருக்கிறது. முழங்கால் பை விழுந்து நின்றால் ஆவி பிடித்து ஓரளவு சரியாகும், முழுசாக ஆகாது. கெடுவது மூன்று இடம்: பாதப் பட்டையின் எலாஸ்டிக், இடுப்புப் பக்க ஜிப், பின்பக்க நடுத்தையல். மூன்றையும் நெல்லையிலேயே சரிசெய்யலாம். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இழுபடுகிற துணியில் சாதாரண நேர்த்தையல் போட்டால் முதல் தடவை குனிந்ததும் நூல் அறுந்துவிடும். ஜிக்ஜாக் போடும் மிஷின் இருக்கிற டெய்லரிடம் கொடுத்து, பாலியெஸ்டர் நூலில், தையல் போடும்போது துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பட்டைக்கு 2 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் போதும். அகலமாகப் போட்டால் பூட்ஸுக்குள் பாதத்தை அறுக்கும்.

கம்பளி கலந்திருப்பதால் பூச்சி அரிக்கும். நாப்தலின் உருண்டை போடலாம், துணியில் நேராகப் படாமல் சிறு துணி முடிச்சில் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் பட்டன், பக்கிள் மேல் உருண்டை பட்டால் அவை இளகி அடையாளம் விழும். வருஷம் ஒருமுறை நிழல் காற்றில் உலர்த்துவது உருண்டையைவிட நல்லது.

இந்தக் கால்சட்டை கூதலை அவ்வளவாகத் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே மெல்லிய கம்பளி உள்ளாடை போட்டால் வெயில் அடிக்கிற பகலில் சறுக்கலாம். பனி கொட்டுகிற நாளில் இதைப் போட்டுக்கொண்டு காஷ்மீரின் குல்மார்க்கில் நின்றால் தொடை விறைத்துவிடும்.

70களில் கால்சட்டை கீழே விரிந்தது. நம்ம ஊர் டெய்லர் கடைகளில் பெல்பாட்டம் தைத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், இத்தாலியில் பெருஜியாவின் எல்லெஸ்ஸே, முழங்காலில் மெத்தை வைத்துக் கீழே அகலமாக விரிகிற ‘ஜெட் பேன்ட்’டைப் பனிமலையில் ஓடவிட்டது. 1959இல் லியோனார்டோ செர்வாடியோ தொடங்கிய கம்பெனி அது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் கம்பெனிப் பெயர். அரை டென்னிஸ் பந்தும் ஸ்கீ முனைகளும் சேர்ந்த சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜெட் பேன்ட் வாங்கினால் முழங்கால் மெத்தையை அமுக்கிப் பாருங்கள். அழுத்திய விரல் தடம் எழாமல் நின்றால் உள்நுரை செத்துவிட்டது. பிரித்துப் புது நுரை வைக்கலாம், பெரிய வேலை இல்லை. அப்புறம் 90களில், ஒற்றைப் பலகையில் சறுக்குகிற ஸ்னோபோர்டுக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் தொளதொளவென்று ஆக்கினார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு நுழைந்தபோது அந்தத் தொளதொளப்பு ஏற்கெனவே ஜெயித்துவிட்டிருந்தது. அந்தக் காலத்து உடைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுக்காக ஏங்குகிறவர்கள் இன்னும் வயசுக்கு வரவில்லை போலும்.

இறகு ஜாக்கெட்டில் எல்லோரும் தேடுவது மோன்க்ளேர். 1952இல் கிரெனோபிள் பக்கத்து மோனஸ்டியே த கிளெர்மோன் என்ற மலையூரில், கூடாரமும் தூக்கப்பையும் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1954இல் கே2 சிகரம் ஏறிய இத்தாலியக் குழுவுக்கும், 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் பிரெஞ்சு அணிக்கும் உடை கொடுத்தது. 2003இல் ரெமோ ருஃபினி வாங்கிய பிறகு அது மலையை விட்டு நகரத்துக்கு இறங்கிவிட்டது. இன்றைய புது ஜாக்கெட் ஒன்றின் விலைக்கு நல்ல பைக் வாங்கலாம். பழைய பிரெஞ்சுத் தயாரிப்பு பேருக்காகவே விலை ஏறிக் கிடக்கிறது, போலியும் நிறைய. பேர் முக்கியமில்லை என்றால், 1947 முதல் அமெரிக்காவின் ஆஸ்பெனில் இருக்கிற ஓபர்மேயரின் பழைய இறகு ஜாக்கெட் அதே கதகதப்பைக் குறைந்த காசுக்குத் தரும்.

இறகு ஜாக்கெட்டைச் சோதிக்க, தையலால் பிரித்த இறகு அறைகளில் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்குங்கள். இறகு முழுக்கக் கீழே உருண்டு, மேல்பாதி வெறுமையாகத் தெரிந்தால் அழுக்கும் எண்ணெய்ப்பசையும் ஏறிக் கட்டிவிட்டது என்று அர்த்தம், துவைத்தால் மீளும். அமுக்கினால் குச்சி குச்சியாகக் குத்தினால் உள்ளே பஞ்சிறகு குறைவு, தண்டுள்ள முள் இறகு அதிகம். அது மீளாது.

துவைப்பதில்தான் நம்ம ஊருக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. தாமிரபரணித் தண்ணீர் மென்மையான தண்ணீர், சோப்பு நன்றாகக் கரைந்து அலசும்போது முழுக்கப் போய்விடும். போர் தண்ணீர் அப்படி இல்லை. உப்போடு சோப்பு சேர்ந்து உண்டாகிற வெள்ளைப் படிவு இறகிலும் துணியிலும் தங்கி, தண்ணீரை உருட்டிவிடுகிற மேல்தன்மையைக் கெடுத்துவிடும். ஆகவே ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாளாகப் பார்த்துத் துவையுங்கள். 20 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மென்மையான திரவ சோப்பு போதும். சோப்புத் தூள் வேண்டாம், கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கி கூடவே கூடாது. நடுத்தண்டு சுற்றுகிற, மேல்பக்கம் திறக்கிற வாஷிங் மிஷினில் போட்டால் உள் அறைகளின் தையல் கிழியும். வாளியில் அமுக்கி அமுக்கிக் கசக்குங்கள், நான்கு தண்ணீர் அலசுங்கள். பிழியாதீர்கள். தூக்கும்போது இரு கையாலும் அடியிலிருந்து ஏந்தித் தூக்குங்கள். நனைந்த இறகின் கனத்திலேயே தோள்தையல் பிரிந்துவிடும்.

உலர்த்துவதற்கு நெல்லை, பாளை பக்கம் என்றால் ஆனி, ஆடிதான் சரியான காலம். மலைக்கு அந்தப் பக்கம் சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே வறண்ட காற்று வீசுகிறது. மாடியில் நிழல் பார்த்துப் பாய் விரித்துப் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, கட்டியான இறகை விரலால் உதிர்த்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பொங்கி எழும். நேர் வெயில் வேண்டாம், நைலான் வெளுத்து நொறுங்கும். தென்காசி, குற்றாலக்காரர்கள் அதே ஆனி, ஆடியில் துவைத்தால் இறகு ஊறி நாறும். அவர்கள் பங்குனி வரை பொறுக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் யாருமே துவைக்க வேண்டாம்.

ஜிப்புக்கு வருவோம். பழைய ஸ்கீ ஜாக்கெட்டில் துணியை முந்திக்கொண்டு சாவது ஜிப்தான். மலைமேல் ஏற்றிவிடுகிற லிஃப்டுக்கான டிக்கெட்டை ஒரு கம்பியில் கோத்து ஜிப்பின் இழுப்பிலேயே மாட்டித் தொங்கவிடுவது அந்தக் கால வழக்கம். காற்றில் ஆடி ஆடி அந்த இழுப்பு தேய்ந்துவிடும். ஜங்ஷன், டவுன் பக்கம் பை, சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவர்கள்தான் இதற்குச் சரியான ஆட்கள். பெரிய ரெடிமேட் கடை ஆல்ட்டரேஷன் பிரிவில் கொடுத்தால் முழு ஜிப்பையும் பிடுங்கிவிட்டு நாட்டு ஜிப் வைத்துவிடுவார்கள், ஜாக்கெட்டின் பழமையே போய்விடும். ‘அண்ணாச்சி, ரன்னர் மட்டும் மாத்துங்க, ஜிப்பைப் பிரிக்காதீங்க’ என்று முதலிலேயே சொல்லுங்கள். பூட்டின பிறகு ஜிப் பின்னால் திறந்துகொண்டு வந்தால் பல்லில் கோளாறு இல்லை, ரன்னர் வாய் அகன்றுவிட்டது. ரன்னரின் முதுகில் 5, 8, 10 என்று எண் பொறித்திருக்கும். அதே எண்ணும், அதே வகையும் வேண்டும். சுருள் ஜிப், பிளாஸ்டிக் பல் ஜிப், உலோகப் பல் ஜிப் மூன்றுக்கும் ரன்னர் வேறு வேறு. 5ஆம் எண் சுருள் ஜிப் ரன்னர் பை ரிப்பேர்க்காரரிடம் எப்போதும் இருக்கும். கீழிருந்தும் மேலிருந்தும் திறக்கிற இரட்டை ரன்னர் ஜிப்பானால் பழைய ஜாக்கெட் ஏதாவது ஒன்றிலிருந்து கழற்றிக் கொடுப்பது நல்லது. அடியில் செருகுகிற முள் உடைந்திருந்தால் மட்டும் முழு ஜிப் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஜிப் இறுகினால் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். தூசி ஒட்டும், துணியில் கறை ஏறும். மெழுகுவத்தியை மேலும் கீழும் இரண்டு முறை தேய்த்தால் போதும்.

ஜெர்மன் ஜாக்கெட்டுகளில் ‘ஆப்டி’ என்று பொறித்த ஜிப்பை அடிக்கடி பார்க்கலாம். அந்தப் பெயர் பின்னாளில் கோட்ஸ் கம்பெனி கைக்குப் போனது. விக்கிரமசிங்கபுரம் மதுரா கோட்ஸ் ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மியூனிக் ஜாக்கெட்டில் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

லேபிளில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1990 வாக்கிலோ அதற்கு முந்தியோ செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். வயதைக் கண்டுபிடிக்க விற்பவர் சொல்லும் கதையைவிட இது நம்பகமானது. டிசென்ட்டின் மூன்று அம்புச் சின்னம், போக்னரின் ‘பி’ வடிவ ஜிப் இழுப்பு இரண்டும் இன்றைக்கும் வருகின்றன. அவற்றை மட்டும் வைத்துப் பழசு என்று நம்ப வேண்டாம்.

குல்மார்க்கிலோ உத்தரகண்டின் ஔலியிலோ இந்தப் பழைய உடையைப் போட்டுச் சறுக்கலாமா? கற்றுக்கொள்பவர்கள் கீழ்ச்சரிவில் வெயில் நாளில் தாராளமாகப் போடலாம். குல்மார்க் கோண்டோலாவில் அஃபர்வாட் வரை, 3,900 மீட்டருக்கு மேலே, போகிறவர்கள் வேண்டாம். பழைய தொப்பி ஹெல்மெட்டுக்கு மேல் ஏறாது. ஹெல்மெட் பரவலானது பின்னால்தான். இடுப்பில் பனி புகாமல் தடுக்கும் உள்பாவாடை பலவற்றில் இருக்காது. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் ரெக்கோ தகடும் இருக்காது. ஐரோப்பாவில் போடுவதானால் இன்னொன்று: இன்றைய மின்னணு லிஃப்ட் அட்டையை இடது முன்கைப் பாக்கெட்டில் வைத்தால் கதவு தானாகத் திறக்கும். பழைய ஜாக்கெட்டில் அந்தப் பாக்கெட் இல்லை. இடது கீழ்ப் பாக்கெட்டில், போனோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

பழைய வெட்டில் புதிதாகத் தைத்து விற்கும் உடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபுசால்ப் மீண்டு வந்து ஒட்டின வெட்டையே மறுபடி விற்கிறது. தையல் சுத்தம், விலைதான் நெஞ்சை அடைக்கும். எல்லெஸ்ஸே பெயரில் இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி பருத்தி டீ ஷர்ட்டும் ட்ராக் பேன்ட்டும்தான். சின்னம் பழசு, சரக்கு வேறு. புது ஜாக்கெட்டுகளில் ஃபுளோரின் இல்லாத நீர்விலக்கிப் பூச்சு வருவதால் எண்ணெய்ப்பசை சீக்கிரம் ஏறுகிறது. அடிக்கடி துவைத்து, மேலே பருத்தித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டினால்தான் தண்ணீர் மறுபடி முத்தாக உருளும். இதைப் பிசுபிசுத்த பழைய ஜாக்கெட்டில் செய்துவிடாதீர்கள், பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை பனி பார்க்கப் போகிறவருக்கு இந்தப் பேர்கள் எதுவும் வேண்டாம். டெக்கத்லான் கடையின் சொந்த ஸ்கீ பிராண்டான வெட்ஸே போதும், அல்லது மணாலி பக்கத்துச் சோலாங்கிலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

வாங்குவதானால் தபாலில் வரவழைப்பதைவிட ஊருக்கு வருகிறவர் பெட்டியில் போட்டுவரச் சொல்வது தொந்தரவில்லாதது. வந்ததும் பாலிதீன் உறையைக் கழற்றிவிடுங்கள். பழைய வேட்டியைப் பையாகத் தைத்து அதில் போட்டு, மடிக்காமல் அகலமான ஹேங்கரில், வீட்டிலேயே கீழ்த்தளத்தில் குளிர்ந்த அறையாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள். இறகு ஜாக்கெட்டை அமுக்கிக் கட்டி வைக்க வேண்டாம். பூச்சுள்ள ஜாக்கெட் ஏதாவது இருந்தால் அதை மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக வையுங்கள். இளகிய பூச்சு பக்கத்துத் துணியில் ஒட்டினால் அதையும் கெடுத்துவிடும், அதிலும் போக்னர் கால்சட்டை மேல் ஒட்டினால் எடுக்கவே முடியாது.